மூக்கில் கொட்டிய தேனீ, ஜன்னலிலிருந்து விழுந்த மேரி: ஜோஸ்லின் நாட்குறிப்பை வாசித்தல்

1644 செப்டம்பர் 5. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று நாள் முன்புதான் கார்ன்வாலில் பாராளுமன்றத்தின் காலாட்படை மன்னர் தரப்பிடம் சரணடைந்திருந்தது. எஸெக்ஸில் எர்ல்ஸ் கோல்ன் என்ற கிராமத்தின் பாதிரியார் ரால்ஃப் ஜோஸ்லின் அன்றைக்குத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தது வேறு விஷயம். அவர் மூக்கில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. உடனே கொடுக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே தேனைத் தடவினார். முகம் வீங்கவில்லை. கடவுளின் பராமரிப்பு இவ்வளவு சின்ன விஷயம் வரைக்கும் எட்டுகிறதே என்று நன்றியோடு குறித்துக்கொள்கிறார்.

பதினேழாம் நூற்றாண்டு பியூரிட்டன்களைப் பற்றிப் படிக்கிற எல்லாரும் ஒரு தடவையாவது இந்தத் தேனீயைச் சந்தித்திருப்பார்கள். பெரும்பாலும் சிரிப்பதற்காகத்தான் இதை எடுத்துக் காட்டுவார்கள். நாடே பற்றி எரியும்போது மனுஷனுக்கு மூக்கு வீங்காதது பெரிய அற்புதமா என்று. எனக்கு அந்தச் சிரிப்போடு உடன்பாடு இல்லை. அதற்காக, வீட்டில் நடக்கிற ஒவ்வொரு சின்ன விபத்திலும் கடவுளின் கையைக் காட்டுகிற எழுத்து எல்லாமே நல்லது என்றும் சொல்ல வரவில்லை. அந்த எழுத்துக்குள் ரெண்டு வகை இருக்கு. ஒன்று மனிதனைக் காப்பாற்றும், இன்னொன்று ஆளையே கொல்லும். அது எப்படின்னு ஜோஸ்லினையும் அவருக்கு ஒரு தலைமுறை பிந்திய பாஸ்டன் நீதிபதி ஒருவரையும் வைத்துப் பார்க்கலாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

ஆள் யார்?

ஜோஸ்லின் பிறந்தது 1617. 1641-லிருந்து 1683-ல் இறக்கும்வரை எர்ல்ஸ் கோல்னிலேயே பாதிரியார். சொந்தமாக நிலமும் வைத்து விவசாயம் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். மழை, அறுவடை, கடன், மனைவி ஜேனின் பிரசவங்கள், தன் தொப்புளில் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டிருந்த ஒரு புண், பிரசங்கம், அரசியல், கனவுகள் எல்லாம் உள்ளே வரும். வாராவாரம் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாசகமும் உண்டு. இந்த வாரம் கர்த்தர் எனக்கும் என் குடும்பத்துக்கும் நல்லவராக இருந்தார் என்கிற அர்த்தத்தில்.

இந்த நாட்குறிப்பு முதலில் அச்சுக்கு வந்தது 1908-ல். பதிப்பித்தவர் ஹாக்லிஃப். அவர் முழுசாகப் போடவில்லை. போர்ச் செய்திகள், அரசியல் எல்லாம் வைத்துக்கொண்டார். முடிவே இல்லாத நன்றி வாசகங்கள், வானிலை, ஜலதோஷம் போன்றவற்றில் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்காது என்று வெட்டிவிட்டார். முழு வடிவம் கிடைக்க 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் மானுடவியலாளர் ஆலன் மக்ஃபர்லேன். அதற்கு முன்பே 1970-ல், ஜோஸ்லினின் குடும்ப வாழ்க்கையைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமும் எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்துக்கு உயிர் கொடுத்ததே ஹாக்லிஃப் குப்பை என்று தள்ளிய பகுதிகள்தான். எத்தனை மாதத்தில் குழந்தைக்குப் பால் மறக்கடித்தார்கள், யாருக்கு எப்போது காய்ச்சல், எந்தக் குழந்தை எங்கே விழுந்தது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கு.

கவனிக்கவேண்டிய விஷயம், அந்தச் சின்னச் சின்னத் தகவல்களை அவர் எழுதிவைத்ததே நன்றி சொல்வதற்காகத்தான். கடவுள் பெரிய விஷயங்களை மட்டும் பார்க்கிறவர் என்று நம்பியிருந்தால் அவரும் ஹாக்லிஃப் மாதிரி போரைப் பற்றி மட்டும்தான் எழுதியிருப்பார். அடைக்கலான் குருவி விழுவதும் தலைமயிர் எண்ணிக்கையும் கடவுளுக்குத் தெரியும் என்று மத்தேயு பத்தாம் அதிகாரம் சொல்கிறது. அதை அப்படியே எடுத்துக்கொள்கிறவருக்குத் தேனீக் கொடுக்கும் பதிவு செய்யத் தகுந்த செய்திதான். விசுவாசம் இங்கே ஒரு பார்வைப் பயிற்சி. இல்லாவிட்டால் கண்ணில் படாமல் போகிறவற்றை அது பார்க்க வைக்கிறது.

தெருவில் எத்தனை ஓடு, அத்தனை ஆபத்து

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் கால்வின் இருக்கிறார். 1559-ல் வந்த அவருடைய பெரிய நூலின் கடைசிப் பதிப்பில், முதல் புத்தகம் பதினேழாம் அதிகாரத்தில் ஒரு பட்டியல் வரும். கப்பலில் ஏறினால் சாவுக்கும் உனக்கும் ஓரடி தூரம், குதிரை ஏறினால் ஒரு கால் இடறினால் போச்சு, தெருவில் நடந்தால் கூரையில் எத்தனை ஓடு இருக்கோ அத்தனை ஆபத்து, தோட்டத்தில் பாம்பு, வீட்டில் தீ என்று போகும். படிக்கிறவனைப் பயமுறுத்துவது நோக்கம் இல்லை. இவ்வளவுக்கும் நடுவில் நடுங்காமல் எப்படி இருப்பது என்பதுதான் கேள்வி. எதுவும் தற்செயல் இல்லை என்று தெரிந்தவன்தான் நிம்மதியாகத் தூங்குவான் என்பது அவருடைய பதில்.

நம்ம ஊர்ப் பழமொழி ஒன்று உண்டே, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுன்னு. கண்ணாடிக் குவளை கைதவறி உடைந்தால் திருஷ்டி கழிஞ்சுது என்பார்கள். ரெண்டுமே பெரிய ஆபத்து ஒன்று சின்ன நஷ்டத்தோடு கழிந்துவிட்டது என்ற ஆறுதல்தான். சொன்னதோடு கணக்கு முடிந்தது, துடைப்பத்தை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பியூரிட்டனுக்கு அப்படி முடியாது. குவளை ஏன் உடைந்தது, யார் உடைக்க விட்டார், எனக்கு என்ன சொல்ல வருகிறார் என்று கேள்வி நீளும். அவர்களுடைய பலமும் இதுதான், வினையும் இதுதான்.

சாட்சியும் பதிவும் ஒன்றல்ல

நம்ம சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த வகை எழுத்து புதுசு இல்லை. காஸ் கசிந்தது, ஆனால் தீப்பிடிக்கவில்லை. குழந்தை மாடிப்படியில் உருண்டது, ஆனால் ஒரு கீறல் இல்லை. கிறிஸ்தவப் பத்திரிகைகளிலும் இதே வடிவம்தான். இவற்றைக் கேட்கும்போது எனக்குள் இருக்கும் பொறியாளன் உடனே முழித்துக்கொள்வான். பிழைத்தவர்கள் மட்டும்தானே மேடை ஏறுகிறார்கள், கீறல் விழுந்த குழந்தையின் அம்மா எங்கே உட்கார்ந்திருக்கிறார்?

இந்தக் கேள்வியை ஜோஸ்லினிடம் அதே மாதிரி கேட்க முடியாது. காரணம் எளிது. சாட்சி என்பது முடிவு தெரிந்தபின் சொல்வது. நாட்குறிப்பு முடிவு தெரியாமல் அன்றன்றைக்கு எழுதுவது. எங்கள் வேலையில் ஒரு சர்வர் விழுந்துவிட்டால், பிறகு எழுதுகிற அறிக்கை ஒரு ரகம். அந்த நேரத்தில் நொடிக்கு நொடி விழுந்த லாக் வேறு ரகம். அறிக்கையில் கதை இருக்கும், லாக்கில் இருக்காது. லாக்கில் எழுதும்போது அடுத்த வரி என்ன வரும் என்று எழுதுகிற புரோகிராமுக்கே தெரியாது.

ஜோஸ்லினின் மூத்த மகள் மேரி. சின்னக் குழந்தையாக இருந்தபோது கூடத்து ஜன்னலிலிருந்து கீழே விழுந்தாள். முகம் அங்கிருந்த பெஞ்சில் மோதியது. அடி எதுவும் இல்லை. விசித்திரமான பராமரிப்பு, எல்லாத் துதியும் கடவுளுக்கே என்று அப்பா எழுதிவைத்தார். சபையில் எழுந்து சொல்ல அருமையான சாட்சி. ஆனால் நாட்குறிப்பு அங்கே நிற்கவில்லை. 1650-ல், எட்டு வயசில், மேரி நோயில் இறந்துபோகிறாள். அதே வருஷம் ரால்ஃப் என்று தன் பெயரையே வைத்த கைக்குழந்தையும் போய்விடுகிறது. அதற்கு முன் 1648-ல் அதே பெயரில் இன்னொரு குழந்தை பிறந்து பத்து நாளில் போயிருந்தது. மொத்தம் பிறந்த பத்துப் பிள்ளைகளில் ஐந்து பேர் அப்பாவுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

ஜன்னலிலிருந்து காப்பாற்றிய கை 1650-ல் எங்கே போனது? இது நாத்திகர்கள் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை. அந்த ரெண்டு பதிவையும் ஒரே பேனாவால் எழுதிய அப்பா முன்னால் நின்ற கேள்வி. மேரியைப் பற்றி அவர் எழுதிய பத்தியில் கொள்கை விளக்கத்தைவிட முன்னால் நிற்பது மேரிதான். எட்டு வயசிலேயே பெரிய மனுஷி மாதிரி நிதானம், அறிவு, இளகின மனசு என்று அவள் யார் என்பதை எழுதுகிறார். அப்புறமும் நாட்குறிப்பு தொடர்கிறது. கடவுள் எனக்கும் என் குடும்பத்துக்கும் நல்லவராக இருந்தார் என்ற வாசகமும் நிற்கவில்லை. பின்னால் பிறந்த இன்னொரு மகளுக்கு மேரி என்றே பெயர் வைத்தார்கள்.

இதை எப்படி மதிப்பிடுவது? ஜன்னல் சம்பவத்தை ‘அதனால் கடவுள் என் பிள்ளையைக் காப்பார்’ என்பதற்கு ஆதாரமாக அவர் வைத்திருந்தால், 1650-ல் கட்டடம் இடிந்து விழுந்திருக்க வேண்டும். அப்படி விழவில்லை. அது ஆதாரமாக வைக்கப்பட்டது இல்லை, அன்றைய நாளுக்கு அன்றைக்கே சொன்ன நன்றி. நாளைக்கான உத்தரவாதம் அதில் எழுதப்படவே இல்லை. முழு நாட்குறிப்பில் எனக்கு மிக நேர்மையாகப் படுவது இந்த இடம்தான்.

சதுரங்கப் பலகை

ஆனால் ஜோஸ்லின் எப்போதும் இந்த எல்லைக்குள் நிற்கவில்லை. 1648-ல் முதல் ரால்ஃப் இறந்தபோது, கடவுள் எதற்காகத் தன்னைத் திருத்துகிறார் என்று தேடிப் பார்க்கிறார். தன் வீணான எண்ணங்களை எழுதுகிறார். கூடவே, நேரம் கெட்ட நேரத்தில் செஸ் விளையாடியதையும் எழுதுகிறார்.

பத்து நாள் குழந்தை சாகிறது, அப்பா செஸ் காயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். தேனீயைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இங்கே சிரிப்பு வராது. அதே பார்வைதான், அதே பேனாதான். தேனீயிடம் அது நன்றியாக இருந்தது. இங்கே காரணமாக மாறிவிட்டது. நன்றிக்குக் கணக்குச் சரிபார்ப்பு தேவையில்லை. காரணம் என்று ஒன்றைச் சொன்னால் யாராவது ஒருவர் விலை கொடுத்தாக வேண்டும். இந்தப் பதிவில் விலை கொடுப்பவர் அவரே.

கீத் தாமஸ் 1971-ல் எழுதிய மதமும் மந்திரமும் பற்றிய பெரிய ஆய்வில் இந்த மனநிலைக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அவர் வைக்கும் முக்கியமான விமர்சனம், இந்தக் கோட்பாடு தன்னைத்தானே நிரூபித்துக்கொள்ளும் என்பது. நல்லது நடந்தால் அருள், கெட்டது நடந்தால் சோதனை, பக்கத்து வீட்டுக் கெட்டவனுக்கு நல்லது நடந்தால் அவனுக்குத் தண்டனை பின்னால் இருக்கு. எந்தத் தரவைப் போட்டாலும் பதில் ‘சரி’ என்றே வரும். ஒரு டெஸ்ட் எப்போதுமே தோற்காது என்றால் அது டெஸ்டே இல்லை என்பது எங்கள் துறையில் பாலபாடம். தாமஸ் சொல்வதை மறுக்க எனக்கு வழியில்லை.

ஒன்றை மட்டும் சேர்க்கவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தோற்காத கோட்பாடு, உள்ளே வாழ்கிறவரை அவ்வளவு சுலபமாகத் தேற்றுவதில்லை. லண்டன் ஈஸ்ட்சீப்பில் மரக் கடைசல் தொழில் செய்த நெகேமியா வாலிங்டனும் இதே மாதிரி எழுதித் தள்ளியவர். ஐம்பது நோட்டுகள் எழுதி, ஏழுதான் மிஞ்சியிருக்கின்றன. 1625 பிளேக்கில் சின்ன மகள் எலிசபெத் போனபோது அவருக்குத் தெரிந்த எல்லா வேதாந்தமும் கைவிட்டுவிட்டது. அவ்வளவு அழுதிருக்கிறார். மனைவி கிரேஸ்தான் அவரைத் தேற்றவேண்டியிருந்தது. கொள்கை தயாராக இருந்தது, மனுஷன் தயாராக இல்லை.

உடைந்த 480 கண்ணாடிகள்

இந்தப் பழக்கம் கடல் தாண்டி நியூ இங்கிலாந்துக்குப் போனபோது என்ன ஆனது? பாஸ்டன் நீதிபதி சாமுவேல் சூவலின் நாட்குறிப்பிலிருந்து ஒரு நாள். 1695 ஏப்ரல் 29. புது வீட்டில் பாதிரியார் காட்டன் மேதருக்கு விருந்து. ஆலங்கட்டி மழை கொட்டி, துப்பாக்கிக் குண்டு அளவு கட்டிகள் வந்து விழ, முன்பக்கத்தில் மட்டும் 480 சதுரக் கண்ணாடிகள் நொறுங்கிப் போயின. அதற்குச் சற்று முன்புதான் மேதர், மற்றவர் வீடுகளைவிடப் பாதிரிமார் வீடுகளில் ஏன் இடி அதிகம் விழுகிறது, கடவுளின் உத்தேசம் என்னவாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தாராம். சூவல் தன் பங்குக்கு, 1685-ல் ஆலங்கட்டி விழுந்து ஜன்னல் விரிசல் விட்ட சமயத்தில்தான் இங்கிலாந்தில் மன்மவுத் பிரபு படையோடு வந்து இறங்கினார் என்று நினைவுபடுத்துகிறார். பிறகு மேதர் ஜெபம் செய்கிறார். வீட்டில் உடையக்கூடிய பகுதியைக் கடவுள் உடைத்திருக்கிறார், நம்முடைய மண்கூடாரமான உடல் உடையும் நாளுக்கு நாம் தயாராகவேண்டும் என்று.

படிக்க ரசமாக இருக்கிறது. ஆனால் இந்தச் சூவல் மூன்று வருஷம் முன்பு, 1692-ல், சேலம் சூனிய வழக்குகளை விசாரித்த நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர். அந்த வழக்குகளின் சாட்சியங்களை எடுத்துப் பார்த்தால் திடுக்கிடும். முதலில் தூக்கிலிடப்பட்டவர் பிரிட்ஜெட் பிஷப், 1692 ஜூன் 10. அவருக்கு எதிராக வந்த சாட்சியங்களில் ஒருவருடைய வண்டிச் சக்கரம் சமதரையில் பள்ளத்தில் இறங்கியது, பிறகு பார்த்தால் பள்ளத்தையே காணோம் என்ற கதை உண்டு. இன்னொருவர் வாங்கிய பெண்பன்றிக்கு வலிப்பு வந்த கதை உண்டு. எல்லாம் வீட்டு, தொழுவத்து விபத்துகள். தேனீ கொட்டின மாதிரியான விஷயங்கள். கடவுளுக்கு நன்றியாகவும் எழுதவில்லை, தனக்குள் தேடிப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கழுத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள். 19 பேர் தூக்கில் போனார்கள்.

வீட்டு விபத்தில் அர்த்தம் தேடுவது வெறும் அசட்டுத்தனம், விட்டுவிடலாம் என்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். இது அசட்டுத்தனத்தைவிட ஆபத்தானது. எதுவும் தற்செயல் இல்லை என்று ஆரம்பித்தால், நல்லதுக்குக் கடவுள் இருக்கிறார், கெட்டதுக்கு யாராவது ஓர் ஆள் தேவைப்படுகிறது.

ஆனால் கதை அங்கேயும் முடியவில்லை. 1696 டிசம்பர் 23-ல் சூவலின் சின்ன மகள் சாரா இறந்தாள். மறுநாள் மகன் சாமுவேல் மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்து அவரிடம் ஒப்பித்தான். அதில் ஏழாம் வசனம் குற்றமற்றவர்களைத் தண்டிப்பதைப் பற்றியது. அது தனக்குச் சேலத்தைப் பயங்கரமாக நினைவூட்டியது என்று சூவல் எழுதினார். மூன்று வாரம் கழித்து, 1697 ஜனவரி 14, உபவாச நாளில், தன் சபையில் எழுந்து நின்றார். அவர் எழுதிக்கொடுத்த தாளை பாதிரியார் வில்லர்ட் எல்லார் முன்னாலும் வாசித்தார். தன்மேலும் தன் குடும்பத்தின்மேலும் அடுத்தடுத்து விழுந்த அடிகளைச் சொல்லி, சேலத்தின் பழியையும் வெட்கத்தையும் தான் ஏற்பதாக அதில் இருந்தது. அந்த நீதிபதிகளில் பகிரங்கமாக இப்படிச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

சாராவின் சாவுக்கும் சேலத்துக்கும் காரண காரியத் தொடர்பு இருந்ததா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செஸ்ஸுக்கும் ரால்ஃபுக்கும் இல்லாத மாதிரியேதான். ஆனால் சூவல் தேடிப்போய்க் கண்டுபிடித்தது பொய்க் குற்றம் இல்லை. 19 பிணங்கள் நிஜமாகவே இருந்தன. காரணம் தவறு, கண்டுபிடித்த உண்மை சரி. அறிவார்ந்த சக நீதிபதிகள் வீட்டுத் துக்கத்தையும் நீதிமன்றத்தையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். இவரால் அப்படிப் பிரித்து வைக்க முடியவில்லை. அதுவே இவரை எழுந்து நிற்க வைத்தது.

சீலோவாம் கோபுரம்

இவர்கள் எல்லாரும் கரைத்துக் குடித்த வேதத்திலேயே இதற்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. லூக்கா பதிமூன்றாம் அதிகாரத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் செத்துப்போகிறார்கள். செத்தவர்கள் எருசலேமிலேயே பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். அதோடு விடாமல், கேட்டுக்கொண்டிருக்கிறவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்று திருப்புகிறார். அதாவது விபத்தை வைத்துச் செத்தவனுக்குத் தீர்ப்பு எழுதக்கூடாது. உனக்குள் ஒரு கேள்வி எழுந்தால் அது உன்னோடு இருக்கட்டும்.

இன்னொரு இடமும் முக்கியம். கால் கல்லில் இடறாமல் தூதர்கள் தாங்குவார்கள் என்ற 91-ஆம் சங்கீதம் நம்ம ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் சுவரில் தொங்கும். சுவிசேஷத்தில் அந்த வசனத்தை எடுத்துச் சொல்கிறவன் சாத்தான். கோபுரத்திலிருந்து குதி, தாங்குவாரா பார்க்கலாம் என்கிறான். இயேசு குதிக்கவில்லை. பாதுகாப்பு வாக்குறுதியைப் பரிசோதனையாக மாற்ற மறுத்துவிட்டார்.

இந்த ரெண்டு பகுதியையும் வைத்துக்கொண்டு ஜோஸ்லினைத் திரும்பப் படித்தால் எது நிற்கும், எது விழும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தேனீ நிற்கும். ஜன்னலிலிருந்து விழுந்த மேரியும் நிற்பாள், ஏனென்றால் அந்தப் பதிவு எதையும் நிரூபிக்கப் போகவில்லை. செஸ் விழுந்துவிடும். வண்டிச் சக்கரமும் பெண்பன்றியும் விழுந்தே தீரவேண்டும். சூவல் எழுந்து நின்றது நிற்கும், அவர் போட்ட கணக்கு தப்பாக இருந்தாலும்.

ஒரு சாட்சியைக் கேட்டால் அது உண்மையா பொய்யா என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. அந்த விபத்தின் பொறுப்பு கடைசியில் யார் தலையில் போய் விழுகிறது என்று பார்ப்பேன். யார் தலையிலும் விழாமல், இன்னைக்குப் பிள்ளை பிழைச்சுது, நன்றின்னு நின்றுவிட்டால், விசுவாசிக்கும் விசுவாசம் இல்லாதவருக்கும் அங்கே சண்டை போட ஒன்றுமில்லை. பிழைக்காத பிள்ளையின் அம்மா அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்க முடிகிற சாட்சி அது ஒன்றுதான்.